பத்துக் கோடி அறைகள்

செல்லக்கனியைப் பாம்பு கடித்தபோது காலை பத்தேகால் மணி. வால்பாறைக்கு மேலே, பதினேழாம் நம்பர் தேயிலைக் காட்டில் மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. தேயிலைச் செடியின் தூரில் படர்ந்திருந்த கொடியைப் பிடுங்கி எறிய இடது கையை உள்ளே விட்டாள். சுள்ளென்று குத்தியது. கையை இழுத்துப் பார்த்தால் சுண்டுவிரலுக்குக் கீழே இரண்டு சிவப்புப் புள்ளிகள். சருகுகளுக்கு நடுவே, சருகின் நிறத்திலேயே, ஒரு முழம்கூட இல்லாத பாம்பு சுருண்டு கிடந்தது.

"ஐயோ, சுருட்டைடி!" என்று அடுத்த வரிசையில் இலை எடுத்துக்கொண்டிருந்தவள் அலறினாள்.

செல்லக்கனி அலறவில்லை. அவளுக்கு முப்பத்தாறு வயது. அதில் பாதி இந்தச் செடிகளுக்கு நடுவே போயிருந்தது. இலை வெட்டும் கத்தரியைக் கீழே வைத்தாள். செல்போனை எடுத்துப் பாம்பைப் படம் பிடித்தாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள்.

அரை மணி நேரத்தில் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பன்னிரண்டு கட்டில்கள் உள்ள சின்ன ஆஸ்பத்திரி. ஆறு வருடமாக அங்கே இருக்கும் டாக்டர் அன்வர்தீன், அவள் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் நிறுத்திவைத்தார். சாய்த்துப் பார்த்தபோது ரத்தம் தண்ணீராக ஓடியது. உறையவே இல்லை. சுருட்டை விரியன் என்று கூட வந்தவர்கள் சொன்னதால் உடனே விஷமுறிவு மருந்தை ஏற்றினார்.

பக்கத்து அறையில் ஹெப்சிபா இருந்தாள். கோயம்புத்தூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். ஒரு புது மருந்துப் பெட்டியைச் சோதிப்பதற்காக இரண்டு மாதமாக இந்த ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தாள். கடிபட்டவரின் விவரங்களைக் குறித்துக்கொள்ள வந்தவள், செல்லக்கனியின் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பாம்பின் மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கியிருந்தது.

"சார், இது சுருட்டை இல்ல. குழிவிரியன். மூக்கைப் பாருங்க."

அன்வர்தீன் படத்தை வாங்கிப் பார்த்தார்.

"நாம போட்ட மருந்து நாலு பாம்புக்குத்தான் செஞ்சது" என்றார். "நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை. இதுக்குக் கேக்காது. இதுக்குன்னு ஒரு மருந்தும் கிடையாது."

பொள்ளாச்சிக்கு அனுப்பலாம் என்றால், மலைப்பாதையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து கிடந்தது. மாலைக்குள் சரிசெய்துவிடுவோம் என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரத்தம் உறைய உதவும் பிளாஸ்மாவைக் கொண்டுவரும் டிரோன் மூடுபனியால் கீழேயே நின்றுவிட்டது. பிற்பகல் மூன்று மணிக்குச் செல்லக்கனியின் கை முழங்கைவரை வீங்கிவிட்டது. பல் ஈறுகளில் ரத்தம் கசிந்தது. சிறுநீர் குறைந்து, வந்த கொஞ்சமும் பழுப்பாக வந்தது. இரண்டாம் முறை எடுத்த ரத்தமும் குழாயில் ஓடியது.

ஹெப்சிபாவின் பெட்டி அவள் அறையில் மேசைமேல் இருந்தது. டிபன் டப்பா அளவுதான். உள்ளே இருபது சின்னப் புட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. இதுவரை ஏழு பேருக்கு அது செலுத்தப்பட்டிருந்தது. யாருக்கும் கெடுதல் நேரவில்லை. ஆனால் ஏழு பேரும் வழக்கமான மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்கள். எது குணப்படுத்தியது என்று யாராலும் சொல்ல முடியாது. விதி அப்படி. அந்த நான்கு வகைப் பாம்புகளில் ஒன்று கடித்தவர்களுக்கு மட்டுமே போடலாம். அதுவும் வழக்கமான மருந்துக்குப் பிறகே போடலாம். வேறு பாம்பு என்றால் தொடக்கூடாது.

அவள் தன் பேராசிரியர் வரதராஜுலுவுக்குப் போன் செய்தாள். விவரத்தைக் கேட்டுவிட்டு அவர் உடனே, "வேண்டாம்" என்றார்.

"சார், மருந்து இல்லாத பாம்புக்காகத்தானே இதைச் செய்ய ஆரம்பிச்சோம்? மருந்து இருக்கற பாம்புக்கு மட்டும் போடலாம்னா என்ன அர்த்தம்?"

"அர்த்தம் எனக்கும் தெரியும், ஹெப்சி. விதியை மீறினா எட்டு வருஷ வேலையையும் நிறுத்திடுவாங்க. நான் சரின்னு சொல்ல மாட்டேன். நீ கேட்டதா ஞாபகம் வச்சுக்கவும் மாட்டேன்."

"ஞாபகம் வச்சுக்கோங்க சார். நான் கேட்டேன், நீங்க வேண்டாம்னு சொன்னீங்க. அப்படியே எழுதி வையுங்க."

போனை வைத்துவிட்டு வார்டுக்குப் போனாள். செல்லக்கனியின் கணவன் தங்கப்பாண்டி கட்டிலருகே நின்றிருந்தான். தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து நேராக வந்திருந்ததால் சட்டையெல்லாம் இலைத் தூசி.

ஹெப்சிபா ஒரு புட்டியை அவனிடம் காட்டினாள். "இந்தப் பொடியில கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிக் குமிழிங்க இருக்கு. பத்துக் கோடி. ஒவ்வொண்ணும் ஒரு அறை மாதிரி. சுவர் கொழுப்பால ஆனது. நம்ம உடம்புல இருக்கற செல் மாதிரியேதான், ஆனா உயிர் கிடையாது. வளராது, பெருகாது."

"உள்ள என்ன இருக்கு?"

"மருந்து செய்யற சாமான் இருக்கு. ஒவ்வொரு அறையும் ஒரு தொழிற்சாலைன்னு வச்சுக்கோங்க. பத்துக் கோடி அறையிலயும் பத்துக் கோடி விதமான அச்சு. உங்க வீட்டம்மா ரத்தம் ரெண்டு சொட்டு விட்டா, அதுல இருக்கற விஷத்தோட எந்த அச்சு பொருந்துதோ அந்த அறை மட்டும் முழிச்சுக்கும். முழிச்சது மருந்து செய்யும். மத்ததெல்லாம் சும்மா கிடந்து கரைஞ்சு போயிடும். எந்தப் பாம்புன்னு நமக்குத் தெரியவே வேண்டாம்."

"இதே மருந்த முன்னாடி யாருக்காச்சும் போட்டிருக்கீங்களா?"

"இல்ல. இந்தப் பெட்டியில இருந்து ஏழு பேருக்குப் போட்டிருக்கோம், ஆனா உங்க வீட்டம்மாவுக்கான மருந்து இனிமேதான் உருவாகும். நாப்பது நிமிஷம் ஆகும். இந்த மருந்து இதுக்கு முன்னாடி உலகத்துல எங்கயும் இருந்ததில்ல."

தங்கப்பாண்டியின் முகம் மாறியது. "அப்ப அவளை வச்சு டெஸ்ட் பண்ணப் பாக்கீங்க. எஸ்டேட்காரின்னா கேக்க நாதியில்லன்னுதானே?"

"நீ சும்மா இரு" என்றாள் செல்லக்கனி கட்டிலிலிருந்து. ஈறில் கசிந்த ரத்தத்தைத் துணியால் ஒற்றிக்கொண்டே ஹெப்சிபாவைப் பார்த்தாள். "டாக்டரம்மா, இது எனக்கு மருந்தா, உங்களுக்குச் சோதனையா?"

"ரெண்டும்தான்" என்றாள் ஹெப்சிபா.

"போடாட்டி என்ன ஆகும்?"

இதற்கு அன்வர்தீன் பதில் சொன்னார். "தானாவே சரியாகலாம்மா. நிறையப் பேருக்குச் சரியாகியிருக்கு. ஆனா உனக்கு ஒண்ணுக்குப் போறது குறைஞ்சுக்கிட்டே வருது. கிட்னி நின்னுடுமோன்னு எனக்குப் பயமா இருக்கு. ரோடு எப்ப திறக்கும்னு தெரியல."

"இதப் போட்டா?"

"தெரியாது" என்றாள் ஹெப்சிபா. "வேலை செய்யும்னு நான் நம்பறேன். ஒத்துக்காமலும் போகலாம். விதிப்படி இதை உங்களுக்கு நான் போடக் கூடாது. போட்டா நான்தான் பதில் சொல்லணும்."

செல்லக்கனி கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். தங்கப்பாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் நல்ல கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தெரியாததத் தெரியாதுன்னு சொல்லுதாங்கல்ல" என்றாள் அவனிடம். "போடச் சொல்லு."

நான்கு மணி பத்து நிமிடத்துக்கு அன்வர்தீன் ஊசியைப் போட்டார். அவள் ரத்தம் இரண்டு சொட்டு விட்டு நாற்பது நிமிடம் வைத்திருந்த புட்டியில் பொடி கரைந்து லேசான பால் நிறத்தில் இருந்தது. ஹெப்சிபா கட்டிலின் மறுபக்கம் நின்று நாடித்துடிப்பைக் கவனித்தாள். செல்லக்கனிக்குக் குளிர் எடுத்தது, போர்வை போர்த்தினார்கள், குளிர் நின்றது.

ஆறு மணிக்கு மறுபடி ரத்தம் எடுத்துக் குழாயில் வைத்தார்கள். இருபது நிமிடம் கழித்து அன்வர்தீன் குழாயைச் சாய்த்தார். ரத்தம் ஓடவில்லை. ஜெல்லி மாதிரி அடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. நம்பாமல் மூன்று முறை சாய்த்தார். பிறகு குழாயைத் தங்கப்பாண்டியின் கையில் கொடுத்து, "நீயே பாரு" என்றார்.

ஒன்பதாம் நாள் செல்லக்கனி வீட்டுக்குப் போனாள். சுண்டுவிரலின் நுனி மட்டும் கறுத்து உதிர்ந்துவிட்டது. சிறுநீரகம் பிழைத்துவிட்டது.

பத்திரிகைகள் மலையில் நடந்த அற்புதம் என்று எழுதின. அதே வாரம் சோதனை நிறுத்தப்பட்டது. மருந்துச் சோதனைகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழு ஹெப்சிபாவைக் கூப்பிட்டு விசாரித்தது. குழுவின் தலைவி, நாற்பது வருடம் மருத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அந்தப் பெண் தானாகவே குணமாகியிருக்கலாம் இல்லையா?"

"ஆகியிருக்கலாம்."

"அப்படியானால் உங்கள் பெட்டிதான் காப்பாற்றியது என்று எப்படிச் சொல்வீர்கள்?"

"நான் இன்னும் சொல்லவே இல்லை. மூணு மாசம் குடுங்க. அதுதான் காப்பாத்துச்சுன்னு நிரூபிக்கறேன்."

அவள் குரலில் சந்தேகமே இல்லை. குழு மூன்று மாதம் கொடுத்தது.

வனத்துறையின் அனுமதியோடு மூன்று குழிவிரியன்களிடமிருந்து விஷம் எடுத்தார்கள். கோயம்புத்தூர் ஆய்வகத்தில் ஹெப்சிபா மூன்று வரிசைக் குழாய்களை வைத்தாள். எல்லாவற்றிலும் ஆரோக்கியமானவர்கள் கொடுத்த ரத்தமும் அந்த விஷமும். முதல் வரிசையில் வேறு எதுவும் இல்லை. இரண்டாம் வரிசையில் அவளுடைய குமிழிகள், பத்துக் கோடி அச்சுகளோடு. மூன்றாம் வரிசையில் அச்சும் இல்லாத, சாமானும் இல்லாத வெறும் குமிழிகள். அந்த வரிசை முறைக்காக வைப்பது. ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது வேண்டுமே என்பதற்காக.

முதல் வரிசை உறையவில்லை. இரண்டாம் வரிசை உறைந்தது. மூன்றாவதும் உறைந்தது.

சீட்டு மாறி ஒட்டிவிட்டோம் என்று நினைத்தாள். மறுநாள் வேறொருவரைச் சீட்டு ஒட்டச் சொல்லி, எது எதுவென்று தனக்கே தெரியாமல் செய்தாள். அதே முடிவு. பதினொரு முறை செய்தாள். பதினொரு முறையும் வெறும் குமிழி, நிரப்பிய குமிழியைவிட ஒரு மயிரிழைகூடப் பின்தங்கவில்லை. இரண்டாம் வரிசையில் எத்தனை அறைகள் விழித்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தாள். ஆயிரத்துக்கும் குறைவு. அவை செய்த மருந்து ஒரு கொசுவுக்கும் காணாது.

விஷயம் எளிமையாக இருந்தது. அந்த விஷம் உடம்புக்குள் போனதும் தேடுவது செல்களின் சுவரை. குமிழிகளின் கொழுப்புச் சுவர் கோடிக்கணக்கில் குறுக்கே நின்றது. விஷம் போய் அதில் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். உள்ளே என்ன இருந்தது என்று அது கேட்கவேயில்லை.

ஹெப்சிபா அன்று மாலை ஆய்வகத்தில் குழாய்களைத் தானே கழுவினாள். அது அவள் வேலையில்லை. எட்டு வருடமாக அந்தப் பத்துக் கோடி அச்சுகளைத் தொகுதி தொகுதியாக யோசித்து, திருத்தி, சேர்த்திருந்தாள். குமிழியின் சுவரைப் பற்றி ஒரு வாரம்கூட யோசித்ததில்லை. ஏதோ ஒரு பை வேண்டும் என்பதற்காகக் கையில் கிடைத்த கொழுப்பை எடுத்துக்கொண்டாள். கழுவிக்கொண்டிருந்தபோது அழுகை வந்தது. அழுதுவிட்டு மீதிக் குழாய்களையும் கழுவினாள்.

பேராசிரியர் தாள்களை இரண்டு முறை படித்தார். அந்த அச்சுகளின் அடிப்படைக் கணக்கு அவருடையது. அவர் வாழ்நாளில் இருபது வருடம்.

"வெத்துக் குமிழி வரிசையை இப்போ காட்ட வேண்டாம்" என்றார் மெதுவாக. "பொய் சொல்லச் சொல்லலை. கேட்டா சொல்லலாம். கேக்க மாட்டாங்க."

"கேக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் சார் நாம சொல்லணும்."

"யோசிச்சுப் பாரு. நிரப்பின குமிழி வேலை செஞ்சதுன்னா, ஒரு உயிரைக் காப்பாத்த விதியை மீறினவ நீ. வெத்துக் குமிழியே போதும்னா, தேவையே இல்லாத பத்துக் கோடி சாமானை ஒரு பொம்பளை உடம்புல ஏத்தினவ. அப்புறம் நீ எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்க முடியாது."

"அது உண்மைதானே சார்? ஏத்தினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

குழுவுக்கு முன்னால் சொல்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவள் ஒருத்தி இருந்தாள். ஹெப்சிபா வால்பாறைக்குப் பஸ் ஏறினாள். செல்லக்கனி வேலைக்குத் திரும்பியிருந்தாள். இலை எடை போடும் கொட்டகையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், இருவரும் ஒரு பலகையில் உட்கார்ந்தார்கள். ஹெப்சிபா எதையும் மறைக்காமல் சொன்னாள்.

செல்லக்கனி சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். "அப்ப உள்ள வச்சதெல்லாம் ஒண்ணுமே செய்யலையா?"

"இல்லைங்க. பை மட்டும்தான்."

"பின்ன எதுக்கு உள்ள அம்புட்டையும் வச்சீங்க?"

"அதுதான் காப்பாத்தும்னு நினைச்சேன்."

"அது எனக்கு இனிமே எதாச்சும் செய்யுமா?"

"நாலு தடவை ரத்தம் பாத்தாச்சு. உள்ள ஒண்ணும் தங்கலை. இருந்தாலும் இன்னும் ரெண்டு வருஷம் பாத்துக்கிட்டே இருக்கணும். அது என் பொறுப்பு."

செல்லக்கனி நுனியில்லாத சுண்டுவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் குரல் கடுமையாகத்தான் வந்தது. "அன்னைக்கே வெறும் பையப் போட்டிருந்தா போதும். தேவையில்லாம என்னென்னத்தையோ உடம்புல விட்டுட்டீங்க."

"ஆமா."

"நீங்க வந்து சொல்லாட்டி இது எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

செல்லக்கனி மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள். டப்பாவை மூடினாள். "கூட்டம் என்னைக்கு?"

"வர்ற வியாழக்கிழமை."

"நானும் வாரேன்" என்றாள்.

வியாழக்கிழமை ஹெப்சிபா மூன்று வரிசைகளையும் குழுவுக்குக் காட்டினாள். மூன்றாவதைப் பற்றித்தான் அதிகம் பேசினாள். உறுப்பினர் ஒருவர் எழுந்து, அந்த அம்மாவை ஆபத்தில் தள்ளியிருக்கிறீர்களே என்றார். ஹெப்சிபா, ஆமாம், தெரியாமல் தள்ளினேன் என்றாள். பேராசிரியர் பின்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

செல்லக்கனி அனுமதி கேட்காமல் எழுந்தாள். "நானே பேசுதேன், என்னைப் பத்தித்தானே பேசுதீங்க?" என்றாள். "எனக்கு இவங்க மேல கோவம் இருக்கு. அது எங்க ரெண்டு பேருக்கும் உள்ளது. எனக்கு வேற ஒண்ணு கேக்கணும். பதினேழாம் நம்பர்ல இன்னும் நாப்பது பேர் இலை எடுக்காங்க. அந்தப் பாம்பும் அங்கனதான் கிடக்கு. அந்த வெறும் பை எப்ப வரும்?"

தலைவி தன் முன்னால் இருந்த தாளைத் திருப்பினார். அவர் யோசித்துக்கொண்டே பேசினார்.

"இதுவரை எங்களுக்கு இருந்த சங்கடமே ஒவ்வொரு புட்டியும் ஒரு புது மருந்து என்பதுதான். பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத மருந்தை முன்கூட்டியே எப்படிச் சோதிப்பது? அதற்கு இந்தக் குழுவிடம் விடை இல்லை. வெறும் குமிழிக்கு அந்தச் சங்கடம் கிடையாது. ஆயிரம் புட்டியும் ஒன்றேதான். அதைச் சோதிக்கலாம்." ஹெப்சிபாவை நிமிர்ந்து பார்த்தார். "இது உங்களுக்குத் தோன்றியிருக்குமே?"

"தோணுச்சும்மா. அதைச் சொன்னா எனக்காக வாதாடற மாதிரி இருக்கும்னு சொல்லலை."

குழு இரண்டு முடிவுகள் எடுத்தது. வெறும் குமிழிகளுக்கு முறையான சோதனை தொடங்கலாம். மனிதர்கள்மேல் நடக்கும் எந்தச் சோதனையிலும் இரண்டு வருடத்துக்கு ஹெப்சிபா பங்கெடுக்கக் கூடாது. அவள் இரண்டுக்கும் தலையசைத்தாள். வெளியே வந்தபோது பேராசிரியர் அவளுக்காக நின்றிருந்தார். கட்டு விரியன் விஷம் நரம்பைத் தாக்குவது, அது சுவரைத் தேடாது, அதற்கு அச்சு வேண்டியிருக்கும், நாளைக்குக் காலையில் உட்காரலாம் என்றார். அவர் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும்.

சோதனையை வேறொரு குழு நடத்தியது. ஹெப்சிபா ஆய்வகத்திலேயே இருந்து குமிழியின் சுவரைச் சரிசெய்தாள். இந்த முறை சுவரைப் பற்றி மட்டுமே யோசித்தாள். எந்தக் கொழுப்பு, எவ்வளவு தடிமன், வெயிலில் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்றெல்லாம்.

தடை முடிந்து சில மாதங்கள் கழித்து, செல்லக்கனியின் கடைசி ரத்தப் பரிசோதனைக்காக வால்பாறைக்குப் போனாள். முடிவு சுத்தமாக இருந்தது. அதைச் சொல்லிவிட்டு அன்வர்தீனின் அறைக்கு வந்தாள். ஜன்னலோர அலமாரியில், பேண்டேஜ் கட்டுகளுக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களுக்கும் நடுவே ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதில் வெள்ளைப் பொடிப் புட்டிகள்.

"சார், இது எப்ப வந்துச்சு?"

"எது? ஓ, அதுவா? போன மழைக்கே வந்துடுச்சே."

"யாருக்காவது போட்டீங்களா?"

அன்வர்தீன் யோசித்தார். "அஞ்சு பேரோ, ஆறு பேரோ. நர்ஸைக் கேளுங்க, அவங்கதான் போடறாங்க."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்!"

"என்னன்னு சொல்றது? வந்தாங்க, போட்டோம், மூணாம் நாள் வீட்டுக்குப் போயிட்டாங்க" என்றார் அவர்.

அப்போது வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். கால் பெருவிரலில் கடி. ஹெப்சிபாவுக்குத் தெரியாத ஒரு நர்ஸ் உள்ளே வந்து, அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து, தண்ணீர் சேர்த்துக் குலுக்கினாள். குலுக்கிக்கொண்டே அந்தப் பெண்ணிடம், காலையில் என்ன சாப்பிட்டாள், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தாள். புட்டி பால் நிறமானது. ஊசியில் ஏற்றிக்கொண்டு திரும்பியவள், வழியில் நின்ற ஹெப்சிபாவைப் பார்த்தாள்.

"யாரும்மா நீங்க? கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

ஹெப்சிபா தள்ளி நின்றாள்.